ஐபாட் டிக் டிக்குன்னு அடிக்குது - திரும்ப ஹார்ட் டிஸ்க்கே போடவா, மெமரி கார்டு போடவா?

மன்னை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்த ஐபாட் (ஆப்பிளோட பாட்டு பிளேயர்) ஒண்ணு கெடக்கு, அஞ்சாவது தலைமுறை, 30 ஜிபி. உள்ள ஃபுல்லா நாகஸ்வரக் கச்சேரிதான், கோயில் திருவிழால பதிவு பண்ணது, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது. இப்ப ஆன் பண்ணா டிக் டிக்குன்னு சத்தம், அப்புறம் சோக மூஞ்சி படம் வந்து அப்டியே நின்னுடுது. தஞ்சாவூர்ல ஒரு கடையில பழைய 1.8 இன்ச் டிஸ்க் போட்டுத் தரேங்கறாங்க, கூட இருந்தவரு அடாப்டர் வாங்கி மெமரி கார்டு போடுங்கங்கறாரு. எது செலவு கம்மி? மெமரி கார்டுல இருக்கற ஃப்ளாஷ் சிப்பு அப்பவே இருந்துச்சே, ஏன் இவ்ளோண்டு ஹார்ட் டிஸ்க்க உள்ள வெச்சாங்க? பாட்டுக்கு கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கு.

குடந்தை_கிட்டு:
ஜிபி கணக்குல பாத்தா ஹார்ட் டிஸ்க்தான் எப்பவும் சீப். யோசிக்காம பழசையே போட்டுட்டுப் போங்க சார்.

வெட்டாறு:
கிட்டு அண்ணே, மேஜை மேல வெக்கிற 4 டிபி டிஸ்க்குக்கு நீங்க சொல்றது சரி, கைக்கு அடக்கமான சாமானுக்கு அந்தக் கணக்கு வராது. ஹார்ட் டிஸ்க்குன்னா மோட்டார், சுத்துற தட்டு, அதப் படிக்கிற ஹெட்டு, போர்டு எல்லாம் வேணும், 1 ஜிபிக்குப் பண்ணாலும் 30 ஜிபிக்குப் பண்ணாலும் அந்தச் செலவு நிக்கும், கல்யாண மண்டப வாடகை மாதிரி. ஃப்ளாஷ் இலைக் கணக்கு, எத்தனை ஜிபியோ அத்தனைக்குத்தான் காசு. அதனால சின்ன அளவுல ஃப்ளாஷ் சீப், பெரிய அளவுல டிஸ்க் சீப், நடுவுல இருக்கற கோடு வருஷா வருஷம் மேல ஏறிட்டே போச்சு.

2001ல முதல் ஐபாட் வந்தப்ப 5 ஜிபிய ஃப்ளாஷ்ல குடுத்தா யாரும் வாங்குற வெலையா இருக்காது, அதான் தோஷிபாவோட 1.8 இன்ச் டிஸ்க். 2004ல வந்த ஐபாட் மினில 1 இன்ச் மைக்ரோடிரைவ், அதுவும் குட்டி ஹார்ட் டிஸ்க்தான். அப்ப ஒரு கூத்து நடந்துச்சு, 4 ஜிபி மைக்ரோடிரைவ தனியா வாங்குறத விட அது உள்ள இருக்கற கிரியேட்டிவ் கம்பெனி பாட்டு பிளேயர முழுசா வாங்கிப் பிரிக்கிறது லாபம்னு, அந்த டிரைவ மெமரி கார்டு மாதிரி கேமராவுல மாட்டிக்கற கேமராக்காரங்க அதையே வாங்கிக் கழட்டினாங்க.

2005 தான் வேடிக்கை. 249 டாலருக்கு மினி 6 ஜிபி குடுத்துட்டு இருந்தாங்க, செப்டம்பர்ல அதத் தூக்கிட்டு அதே 249க்கு ஐபாட் நானோ, உள்ள ஃப்ளாஷ், வெறும் 4 ஜிபி. ஜிபி கணக்குல நஷ்டம், ஆனாலும் சனங்க அள்ளிட்டுப் போனாங்க. மெல்லிசு, கீழ விழுந்தா தட்டுல கீறல் விழுமோங்கற பயம் இல்ல. அந்த நவம்பர்லயே ஆப்பிள் அஞ்சு கம்பெனிக்கு 1.25 பில்லியன் டாலர் முன்பணம் குடுத்து 2010 வரைக்கும் ஃப்ளாஷ்ஷ புடிச்சு வெச்சுக்கிச்சு. 160 ஜிபி ஐபாட் கிளாசிக் மட்டும் டிஸ்க்கோட 2014 வரைக்கும் ஓடுச்சு, அந்த அளவுக்கு ஃப்ளாஷ் வெலை கட்டுப்படியாவல.

மன்னை தம்பி, உங்களுக்கு கார்டுதான். பழைய டிஸ்க்குன்னா அதுவும் இன்னொருத்தன் சுத்தித் தேஞ்சதுதானே.

தவில்_பித்தன்:
வெட்டாறு சொன்னதோட இன்னொண்ணு. உங்க மாடல் பாட்ட 32 எம்பி மெமரிக்கு இழுத்து வெச்சுட்டு டிஸ்க்க நிறுத்திடும், சினிமாப் பாட்டு அஞ்சாறு ஒரே தடவைல ஏறிடும். ஒரு மணி நேரக் கச்சேரி 128 கேபிபிஎஸ்னாலே (செகண்டுக்கு 128 கிலோபிட்) 57 எம்பி கிட்ட வரும், முழுசா உக்காராது, தோடி ஆலாபனை முடியறதுக்குள்ள டிஸ்க்கு எழுந்து எழுந்து சுத்தும், பேட்டரியும் காலி, டிஸ்க்கும் தேயும். உங்களுது படுத்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கார்டுல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லியே.

குடந்தை_கிட்டு:
சரிங்க, ஆனா ஃப்ளாஷ் எழுதி எழுதித் தேயும்பாங்களே?

வெட்டாறு:
எழுதுனாத்தான் அண்ணே. பாட்டு ஒருவாட்டி ஏத்துனா அப்புறம் படிக்கறதுதான், ஒண்ணும் ஆவாது. வருஷக்கணக்கா கரன்ட் படாம அலமாரில போட்டு வெச்சா அழியலாம், அதனால காப்பி மட்டும் பெரிய ஹார்ட் டிஸ்க்லயே இருக்கட்டும், அங்க உங்க ஜிபி கணக்குதான் ஜெயிக்கும் 😄

மன்னை_வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. 64 ஜிபி போதுமா?

தவில்_பித்தன்:
தாராளம். போலி கார்டு நெறைய சுத்துது, 64ன்னு எழுதி உள்ள 8தான் இருக்கும், மாட்டறதுக்கு முன்னாடி ஃபுல்லா எழுதிப் படிச்சு டெஸ்ட் பண்ணிடுங்க. பின்மூடிய வெடுக்குன்னு இழுக்காதீங்க, பேட்டரி ரிப்பன் அதுல ஒட்டிட்டு வரும், கிழிஞ்சா வேற செலவு.