வரப்பை நகர்த்திய பாவத்தை யார் மன்னிப்பது?

பாகூர்க்காரன்:
என் தகப்பனாரின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, வீட்டில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலை விட்டு விலகி, கடலூரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். அன்றைக்கும் கோவிலுக்குள் வராமல், திருப்பலி முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்.

தாத்தா பிரித்துக் கொடுத்த நன்செய் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகூரில் பக்கம் பக்கமாக இருக்கிறது, நடுவில் ஒரே வரப்பு. சித்தப்பா தம் பங்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கடலூரோடு போய்விட்டார். ஒவ்வோர் ஆண்டும் சம்பா நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது, அப்பா எங்கள் பக்கத்தில் வரப்பை நாலு விரற்கடை சீவி, அந்த மண்ணையே அள்ளி அந்தப் பக்கம் அணைத்து மெழுகிவிடுவார். சிறுவனாக நானும் கூட நின்று மண் தள்ளியிருக்கிறேன், வரப்பைச் சீர்செய்கிறோம் என்றே எண்ணியிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளில் வரப்பு ஆறடி நகர்ந்துவிட்டது. இருநூறடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு குழிக்குச் சற்று மேல்.

படுக்கையில் விழுந்த பிறகு, இதைக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டதாகவும் மனம் இலேசாகிவிட்டதாகவும் அப்பா எங்களிடம் சொன்னார். வரப்பை என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து நான் இதை அவரிடம் சொன்னேன். அவர் இலையிலிருந்து நிமிராமலே, “நிலம் என்னுடையது, மன்னித்தது உங்கள் சாமியாரா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறைக்கல்வி ஆசிரியை, புதுச்சேரி:
உங்கள் சித்தப்பாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அது திருச்சபையின் போதனைக்கு எதிரான கேள்வி அன்று, அதன் உள்ளே ஏற்கெனவே இருக்கும் கேள்வி. குரு உங்கள் சித்தப்பாவுக்குப் பதிலாக மன்னிக்கவில்லை. பாவம் கடவுளுக்கும் திருச்சபைக்கும் எதிரானது என்ற அளவில், யோவான் 20:23இல் சீடர்களுக்குக் கிறிஸ்து கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு அவர் மன்னிப்பு வழங்குகிறார். அந்த மன்னிப்பால் நிலம் கைமாறிவிடுவதில்லை.

1551ஆம் ஆண்டு திரிதெந்து பொதுச்சங்கம் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் பாவியின் பங்காக வகுத்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே புனித அகுஸ்தீன், திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனம் வருந்துவதாக நடிக்கிறான் என்றும், எடுத்ததைத் திருப்பித் தராதவரை பாவம் மன்னிக்கப்படாது என்றும் எழுதினார். அந்த வாசகம் 1298இல் திருச்சபைச் சட்ட விதிகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. ஆகவே உங்கள் தந்தைக்கு அந்தக் குரு வரப்பைத் திருப்பி வைக்கும்படி கட்டளையிட்டிருக்கலாம். அதற்குள் அவர் காலம் முடிந்திருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் குருவின் வாயைக் கட்டிவிடுகிறது. இப்போது அவரிடம் போய் நீங்கள் கேட்டாலும் தலையாட்டக்கூட அவருக்கு உரிமையில்லை.

மஞ்சக்குப்பம் லுத்தரன்:
ஆசிரியை அம்மா மிக நேர்மையாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்த நேர்மையிலேயே சிக்கலும் வெளிப்படுகிறது. லுத்தரன்களாகிய நாங்கள் பாவ அறிக்கையை ஒழித்துவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பதினோராவது பிரிவில், தனிப்பட்ட பாவமன்னிப்பு சபைகளில் தொடர வேண்டும் என்றே சொல்கிறது. எல்லாப் பாவங்களையும் எண்ணி ஒப்பிக்க வேண்டியதில்லை என்று மட்டுமே அது விலக்குகிறது. 1517இல் லுத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து கருத்துரைகளில் ஆறாவதும், கடவுள் மன்னித்துவிட்டார் என்று அறிவிப்பதைத் தவிரப் போப்பினால் எந்தக் குற்றத்தையும் மன்னிக்க முடியாது என்றுதான் வாதிட்டது. போதகர் அஞ்சல்காரரைப் போன்றவர். கடிதம் அவர் எழுதியதில்லை.

அகுஸ்தீன் சொன்னதை நானும் மதிக்கிறேன். ஆனால் திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு என்று வைத்தால் மன்னிப்பு கூலியாகிவிடும், கிருபை கிருபையாக இராது. “இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று எபேசியருக்கு எழுதிய பவுல் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. வரப்பைத் திருப்பி வைக்க வேண்டியது பரலோகத்துக்காக அல்ல. அந்தப் பக்கத்தில் இரண்டு குழி குறைவாகக் குத்தகை நெல் வாங்கிய ஒரு தம்பி இருப்பதற்காக. மன்னிப்பையும் பரிகாரத்தையும் ஒரே பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அடைத்துவிட்டு, வெளியே இருக்கும் அயலானைக் கூண்டுக்குள் இருக்கும் இருவரும் மறந்துவிடும்படி செய்ததே எங்கள் பழைய புகார். மத்தேயு 5:24 காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறது, குருவிடம் அல்ல.

முதுநகர் விசுவாசி:
கர்த்தருக்குள் அன்பான பிரதர், இவ்வளவு சட்டமும் சங்கமும் எதற்கு? தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவன் கிறிஸ்துவுக்குள் வந்தால் பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின. உங்கள் சித்தப்பா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

மறைக்கல்வி ஆசிரியை, புதுச்சேரி:
முதுநகர் சகோதரரிடம் ஒன்று கேட்கிறேன். பழையவை எல்லாம் ஒழிந்துபோயின என்றால், இரட்சிக்கப்படுவதற்கு முன் திருடியவன் திருடிய பொருளை வைத்துக்கொள்ளலாமா? சக்கேயு அப்படி நினைக்கவில்லையே! அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

லுத்தரன் ஐயாவுக்கும் ஒன்று. கேட்கும் அதிகாரம் என்று ஒன்று இல்லாவிட்டால், தன் பாவத்தைப் பாவமென்றே உணராத ஊருக்கு யார் எடுத்துச் சொல்வது? 1704 ஜூன் மாதம் இதே புதுச்சேரியில் தங்கியிருந்து, திருத்தந்தையின் தூதர் துர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் நோயுற்றால் அவர்கள் வீடுகளுக்குள் சென்று அருட்சாதனம் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. உள்ளூர் வழக்கம் என்று சொல்லி நல்ல குருக்களே அதைத் தவிர்த்துவந்தார்கள். வெளியிலிருந்து ஓர் அதிகாரம் வந்துதான் அதைப் பாவத்தின் பக்கம் வைத்தது. திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நீங்கள் இவ்வளவு அழகாகப் பேசுவதால் இதையும் கேட்டுவிடுகிறேன்: 1749-50இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவன் கடலூரில் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, அவர்களுடைய கோவிலைப் பிடுங்கிச் லுத்தரன் போதகர் கீர்நாந்தரிடம் கொடுத்தாரே, அந்த வரப்பை யார் திருப்பி வைத்தார்கள்?

மஞ்சக்குப்பம் லுத்தரன்:
அடி சரியான இடத்தில் விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். கீர்நாந்தர் அந்தக் கட்டடத்தைக் கிறிஸ்துநாதர் ஆலயம் என்று பெயரிட்டு வாங்கிக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால், 1748 செப்டம்பரில், அதே பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, சம்பா கோவில் என்னும் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலைப் பிரெஞ்சு அரசே இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். அங்கே இருந்த சேசு சபைக் குருக்கள் வெகுகாலமாக வேண்டிக்கொண்டிருந்தது அதுதான் என்பதும் அதில் இருக்கிறது. இரண்டு சபைகளும் பிறருடைய எல்லைக்கல்லைப் பிடுங்கியவைதான்.

துர்னோனின் ஆணையைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆயினும் அதை 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் உறுதிப்படுத்தும் வரை நாற்பது ஆண்டுகள் இழுபறி நடந்தது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கித்தான் சமாளித்தார்கள். அதிகாரம் பாவத்தைச் சுட்டிக்காட்டியது. ஆனால் எடுத்ததைத் திருப்பி வைக்கும் இடத்தில் அதுவும் நாலு விரற்கடை நாலு விரற்கடையாகப் பேரம் பேசியது. அதிகாரமே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. பாதிக்கப்பட்டவனைக் கூப்பிட்டுக் கேட்காத அதிகாரம் பாதி வேலைதான் செய்கிறது என்கிறேன்.

முதுநகர் விசுவாசி:
ஆசிரியை அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியாமல் இரண்டு நாள் ஆகிவிட்டது. வசனம் தெரியாமல் அல்ல.

நான் இரட்சிக்கப்படுவதற்கு முன் துறைமுகத்தில் மீன் எடை போடும் வேலையில் இருந்தேன். கூடையின் எடையைக் கழிக்கும்போது ஒரு கிலோ கூடுதலாகக் கழிப்போம். ஈரக் கூடை என்று சொன்னால் படகுக்காரர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். சபைக்கு வந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் இதைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எங்கள் பாஸ்டரும் கேட்கவில்லை, நானும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கலாம் என்றால், அவர்களில் சிலர் 2004 சுனாமியில் போய்விட்டார்கள். கிறிஸ்துவின் இரத்தம் என்னைச் சுத்திகரித்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அந்த ஒரு கிலோ யாருடையது என்பது மட்டும் இவ்வளவு காலமும் என் மனதில் படவில்லை. மத்தியஸ்தர் ஒருவரே என்பதிலிருந்து நான் பின்வாங்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

மறைக்கல்வி ஆசிரியை, புதுச்சேரி:
சகோதரரே, எண்ணாகமம் 5:8ஐப் பாருங்கள். ஈடு வாங்க உறவினன் இல்லாதபோது அது கர்த்தருக்கென்று ஆசாரியனுக்குச் சேர வேண்டும் என்கிறது. எங்கள் அறநெறி நூல்களிலும், உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே விதி. இறந்தவர்களின் பிள்ளைகள் அதே குப்பத்தில் இருந்தால் முதல் உரிமை அவர்களுக்குத்தான். பாகூர் ஐயா, உங்கள் தந்தையின் கடமையும் அவரோடு புதைக்கப்படவில்லை. நிலத்தோடு சேர்ந்து அது உங்களுக்கு வந்திருக்கிறது.

பாகூர்க்காரன்:
அந்தக் கடமையை நான் மறுக்கவில்லை. புலப்படத்தின் நகல் வாங்கி, நானே நாடாவைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டேன். ஆறடி ஓர் அங்குலம். பழைய எல்லைக்கல் சித்தப்பாவின் நிலத்துக்குள் போகவில்லை, எங்கள் பக்கத்தில் நாற்றங்கால் மூலையில் சேற்றுக்குள் தலை மட்டும் தெரியக் கிடக்கிறது. அப்பா அதைப் பிடுங்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தடை என் அக்காதான். நிலம் இப்போது எங்கள் இருவருக்கும் பொது. அக்காவின் வாதம் இது: “அப்பா மன்னிப்புப் பெற்றுத்தான் செத்தார். குரு யாரிடமும் சொல்லக் கூடாத ஒன்றை, நீ வரப்பை வெட்டி ஊருக்கே சொல்லப் போகிறாயா?” இதைக் கேட்ட பிறகு நான் நடுங்கிப்போனேன் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்கா சொல்வதில் அன்பு இருக்கிறது. அப்பா தேடிக்கொண்ட மன்னிப்பு இப்போது சித்தப்பாவுக்கு எதிரான பத்திரமாக மாறிக்கொண்டிருக்கிறது.

மறைக்கல்வி ஆசிரியை, புதுச்சேரி:
இரகசியம் குருவைத்தான் கட்டும், வாரிசுகளை அன்று. அதோடு, எடுத்தவரின் பெயர் கெடாமல் மறைவாகத் திருப்பிக் கொடுக்கவும் எங்கள் போதனையில் இடமுண்டு. அக்காவிடம் அதைச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் லுத்தரன்:
பணமென்றால் உறையில் போட்டு வாசலில் வைத்துவிடலாம் அம்மா, ஆறடி வரப்பை எப்படி மறைவாக வைப்பது?

பாகூர்க்காரன்:
அதையும் யோசித்தேன். ஒரே நாளில் ஆறடி நகர்ந்தால் மடை திறக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அப்பா செய்ததைப் போலவே, ஆண்டுக்கு நாலு விரற்கடை இந்தப் பக்கம் அணைத்துக்கொண்டு வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதற்கு இருபத்தைந்து ஆண்டு ஆகும், சித்தப்பாவுக்கு வயது எழுபத்தொன்று. அறுவடை முடிந்ததும் நில அளவரை வரச்சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.