புல்மோட்டை மணலை அப்படியே ஏற்றுமதி செய்வது சரியா?

திருமலை ஆசிரியை:
உயர்தர வகுப்பில் புவியியல் கற்பிக்கிறேன். நேற்று ஒரு மாணவி கேட்டாள்: "இலங்கை தேயிலையையும் ஆடையையும் மட்டும் நம்பியிருக்க முடியாது, கனியங்களை வளர்க்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையின் கனிய மணலை ஏன் ரீச்சர் அள்ளிக் கப்பலில் அனுப்புகிறோம்?" பாடநூலில் இருப்பதைச் சொன்னேன், அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல் ஆலை ஓய்வூதியர்:
ரீச்சர், இருபத்திரண்டு வருடம் அந்த மணலோடு கிடந்தவன் நான். வாடைக்காற்றுக் காலத்தில் கடலே கறுப்பு மணலைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். ஒரு கைப்பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடப் பாரமாக இருக்கும், விரலிடுக்கில் மினுங்கும். அதை அப்படியே கப்பலில் ஏற்றுவதில்லை. கழுவி, சிப்பியையும் வெள்ளை மணலையும் நீக்கி, காயவைத்துக் காந்தப் பொறியில் விடுவோம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கறுப்புக் கனியமான இல்மனைட் இழுபட்டுப் போய்விடும். மிச்சத்தை மின்னேற்றிய உருளையில் விழவிட்டால் மின்சாரம் கடத்தும் ரூடைல் என்ற டைட்டானியக் கனியம் ஒரு பக்கமும் கடத்தாத சிர்கோன் என்ற கனியம் மறுபக்கமும் பிரியும். இவ்வளவும் இங்கேயே நடக்கிறது.

ஆனாலும் பிள்ளை கேட்டது நியாயம். இல்மனைட்டில் பாதிக்குச் சற்று மேல் டைட்டானியம் டைஆக்சைட். சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டின் வெண்மை அதுதான். கறுப்பாகக் கப்பலேறுவதை வெள்ளைத் தூளாகப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். அரசின் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கியது. இத்தனை வருடத்தில் அடுத்த படிக்கு ஏறாதது என் மனதை இன்றும் அரிக்கிறது.

வேதிப் பொறியாளர்:
ஐயா சொல்லும் அடுத்த படியைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். கேரளத்தின் சவராவில் இதே வகை மணல்தான். அங்கே மாநில அரசின் நிறுவனம் 1984 முதல் குளோரைடு முறையில் வெள்ளைத் தூள் செய்கிறது. 2011இல் விண்வெளித் துறைக்காக டைட்டானியம் உலோக ஆலையும் வந்தது.

ஆனால் அந்தப் படி செங்குத்தானது. இல்மனைட்டில் இருக்கும் இரும்பை முதலில் அமிலத்தால் கரைத்து எடுக்க வேண்டும். பிறகு சுமார் ஆயிரம் பாகை வெப்பத்தில் குளோரின் வாயு. தடையில்லாத மலிவு மின்சாரம், நன்னீர், அமிலம் எல்லாம் வேண்டும். கழிவாக வரும் இரும்புச் சேற்றை எங்கே கொட்டுவது? புல்மோட்டைக் கரையில் கரைவலை இழுப்பவர்களின் கிணற்றுக்குப் பக்கத்திலா? இதற்கு விடை சொல்லாமல் ஆலை கட்டச் சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. இரும்பை மட்டும் பிரித்துச் செயற்கை ரூடைலாக விற்பதே முதல் இலக்காக இருக்கலாம். அதற்கும் அந்தச் சேற்றுக் கணக்கை முடித்தாக வேண்டும்.

கபொரோனிலிருந்து திரும்பியவர்:
போட்சுவானாவில் ஆறு வருடம் கணக்காளராக இருந்தேன். 1966இல் சுதந்திரம், அடுத்த வருடமே ஓராபாவில் வைரம். அரசு சுரங்க நிறுவனத்தில் சரிபாதிப் பங்கை வாங்கியது, வந்த பணத்தைப் பள்ளிக்கும் தெருவுக்கும் போட்டது. 2013இல் வைர விற்பனையையே லண்டனிலிருந்து தலைநகர் கபொரோனுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டை தீட்டும் வேலையும் அங்கே வந்தது. அவ்வளவு செய்தும் ஏற்றுமதியில் பெரும்பங்கு இன்றும் வைரம்தான். ஆய்வுகூட வைரங்கள் சந்தையை நிறைத்ததும் அரசின் கையிருப்பு வற்றியது. ரீச்சர், மாணவியிடம் இதையும் சொல்லுங்கள்: மணலைத் தூளாக்கினாலும் நாடு ஒரே பொருளை நம்பியிருக்கலாம். மணல் பணத்தில் வேறு எந்தத் தொழில் பிறக்கிறது என்பதை அவள் கேட்கட்டும்.

திருமலை ஆசிரியை:
மூவருக்கும் மிக்க நன்றி. கிணற்றுக் கேள்வியை வகுப்பில் விவாதமாக வைக்கப்போகிறேன், எங்கள் பிள்ளைகள் சிலரின் அப்பாமார் கரைவலைக்காரர்கள். ஐயா, ஒரு போத்தல் மணல் பள்ளியில் இருக்கிறது. காந்தத்தால் பிரித்துக் காட்டலாமா?

மணல் ஆலை ஓய்வூதியர்:
தாராளமாக. ஆனால் சாதாரணக் காந்தம் போதாது, இல்மனைட் மெதுவாகத்தான் இழுபடும். பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் காந்தத்தை எடுங்கள். கடதாசியில் சுற்றிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய மணலைப் பிரிக்கப் பெரும்பாடாகிவிடும். காந்தம் தொடாமல் தட்டில் கிடப்பதைக் கொட்டிவிடாதீர்கள், ரூடைலும் சிர்கோனும் அதில்தான் இருக்கும்.