பின்சந்தில் கவுன்சில் வைத்த காமிரா: இதை யார் மேற்பார்க்கிறார்கள்?

பின்சந்து வாசி:

வணக்கம். லண்டனின் வெளிவட்டத்தில் ஒரு பரோவில் (தனிக் கவுன்சில் உள்ள வட்டாரம்) இருக்கிறோம், எது என்று சொல்லவில்லை. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கராஜ்களுக்குப் போகிற சந்து ஒன்று உண்டு. இரவில் வேன் வந்து குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறது. இன்று கிடப்பவை ஈரம் ஊறிய ஒரு மெத்தை, கதவு கழன்ற ஃபிரிட்ஜ், அதன்மேல் பிளாஸ்டர் தூள் மூட்டைகள். ஒரு மூட்டை கிழிந்து, மழையில் கரைந்து, வெள்ளைக் குழம்பாக எங்கள் கேட் அடிவரை ஓடிக் காய்ந்திருக்கிறது. எலியும் வந்துவிட்டது.

கவுன்சிலுக்கு விடாமல் எழுதியது நாங்கள்தான். இப்போது விளக்குக் கம்பத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி ஏறியிருக்கிறது. அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. எங்கள் சமையலறை ஜன்னலும் அம்மா துணி காயப்போடும் கொடியும் அதற்கு நேர் எதிரே. அம்மா பின்கதவைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார். வார்டு கவுன்சிலரைப் பார்த்துக் கேட்டேன். "அது அதிகாரிகள் எடுக்கும் முடிவு, நாங்கள் தலையிட முடியாது" என்றார்.

கொட்டுகிறவன் பிடிபட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்கே இதில் வேலையில்லை என்றால், யாருக்குத்தான் வேலை?

---

கூட்டக்குறிப்பு:

தங்கச்சி, நான் ஒரு கவுன்சிலில் பல வருடம் கமிட்டிகளுக்கு மினிட்ஸ் எழுதியவன். உங்கள் கவுன்சிலர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் முக்கியம்.

மறைவான கண்காணிப்பு என்றால் அது 2000ஆம் ஆண்டுப் புலனாய்வு அதிகாரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (RIPA) கீழ் வரும். கவுன்சில்களில் எல்லோரும் 'ரிப்பா' என்பார்கள். ஆரம்ப வருடங்களில் நாய் அசிங்கம் செய்தது, தெருவில் காகிதம் போட்டது என்று அற்ப விஷயங்களுக்கெல்லாம் இதை எடுத்தார்கள். 2008இல் தென் இங்கிலாந்தின் பூல் (Poole) நகரக் கவுன்சில், ஒரு குடும்பம் உண்மையிலேயே பள்ளி எல்லைக்குள் குடியிருக்கிறதா என்று பார்க்க, பிள்ளைகளையும் சேர்த்து மூன்று வாரம்வரை பின்தொடர்ந்தது தெரியவந்தது. அது சட்டவிரோதம் என்று 2010இல் புலனாய்வு அதிகாரங்களுக்கான தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கொதிப்பில் வந்ததுதான் 2012ஆம் ஆண்டுச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம்.

அந்த வருடம் நவம்பர் 1 முதல், கவுன்சில் யாரையாவது மறைந்திருந்து கண்காணிக்க ரிப்பாவின் கீழ் அனுமதி வேண்டுமென்றால் மாஜிஸ்ட்ரேட் ஒப்புதலும் வேண்டும். குற்றமும் குறைந்தது ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு மது, புகையிலை விற்பதற்கு இந்த ஆறு மாத வரம்பிலிருந்து தனி விலக்கு. நாய் அசிங்கமும் தெருக்குப்பையும் இந்த வரம்புக்குள் வராது, அவற்றுக்கு வெறும் அபராதம்தான். ஃபிளை டிப்பிங், அதாவது கண்ட இடத்தில் குப்பை கொட்டுவது, வரும். 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு ஐந்து வருடம்வரை சிறை உண்டு. ஆகவே உங்கள் சந்தில் மறைகாமிரா வைக்க கவுன்சிலுக்கு வழி இருக்கிறது. அனுமதி ஒருமுறைக்கு மூன்று மாதம்.

இன்ன சந்தில் வைக்கலாமா என்ற முடிவில் கவுன்சிலர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று அரசின் நடைமுறை விதிகளே சொல்கின்றன. உங்கள் ஆள் அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே விதிகள், இந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைக் கவுன்சிலர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசீலித்து, கொள்கையையும் அவர்களே வகுக்க வேண்டும் என்கின்றன. இடையிலும் உள் அறிக்கைகளைப் பார்த்து வர வேண்டும். "தலையிட முடியாது" என்று அவர் கைகழுவ இடமே இல்லை.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், அந்த வருடாந்தர அறிக்கை கமிட்டிக்கு வரும் விதத்தில். நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கங்களில் வரும். "இந்த ஆண்டு அனுமதிகள்: இல்லை" என்று ஒரு வரி இருக்கும். தலைவர் கேள்வி உண்டா என்பார், எல்லோரும் கோட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று நான் எழுதுவேன். 2012க்குப் பிறகு ரிப்பா பயன்பாடு பல கவுன்சில்களில் அநேகமாக நின்றே போனது. கண்காணிப்பு நின்றதா? இல்லை. கம்பத்துக்குக் கம்பம் மாற்றிப் பொருத்தும் காமிரா, அதிகாரிகள் உடம்பில் மாட்டும் காமிரா, நம்பர் பிளேட் வாசிக்கும் காமிரா என்று வேறு பக்கம் வளர்ந்தது. இவையெல்லாம் 'வெளிப்படையானவை', மாஜிஸ்ட்ரேட் பார்வைக்குப் போகாது, அந்த ஒரு வரியிலும் இடம்பெறாது.

வெளிப்படை என்றால் மக்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கம்பத்தில் பலகை இல்லை என்கிறீர்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பெட்டி மறைவானதா, வெளிப்படையானதா? மறைவானது என்றால் மாஜிஸ்ட்ரேட் ஒப்புதல் உண்டா? வெளிப்படை என்றால் பலகை எங்கே, அந்தரங்கப் பாதிப்பு மதிப்பீடு எங்கே, உங்கள் ஜன்னலைப் படத்தில் மறைத்திருக்கிறார்களா?

---

மூலைக்கடை:

எனக்குக் காமிரா வேண்டும். இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

ஆஃப் லைசென்ஸ் (மது வாங்கிப் போகும் கடை) வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் யாரோ கொட்டிய குப்பையில் என் கடைப் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதை வைத்து எனக்கு நோட்டீஸ். நான் காசு கொடுத்து, உரிமம் உள்ள கம்பெனியிடம்தான் குப்பை கொடுக்கிறேன். குப்பை கொடுத்ததற்கான சீட்டுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால் எல்லாம் ஃபைலில் இருந்தது, அதைக் காட்டித்தான் தப்பினேன். அட்டையை எடுத்துப் போனது யார், கொட்டியது யார் என்று காமிரா இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 2023இலிருந்து ஃபிளை டிப்பிங்குக்கு இங்கிலாந்தில் ஸ்பாட் அபராதமே 1000 பவுண்டுவரை போடலாம். அந்தத் தொகை சும்மா இருந்த கடைக்காரன் தலையில் விழக்கூடாது.

அண்ணன் சொன்ன மது, புகையிலை விலக்கு எங்களைப் போன்ற கடைக்காரர்களைத்தான் குறிவைக்கும். சின்னப் பிள்ளையை அனுப்பி சிகரெட் கேட்டுப் பார்ப்பார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, பிள்ளைகளுக்கு விற்கக் கூடாதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் சட்டையில் காமிரா வைத்து அனுப்பினால் அதற்கு அனுமதி வாங்கினார்களா என்று கேட்கும் உரிமை எங்களுக்கும் உண்டுதானே?

---

கூட்டக்குறிப்பு:

உண்டு தம்பி. சாதாரணமாக வந்து வாங்கிப் பார்ப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை என்பார்கள். மறைவாகப் பதிவு செய்தால் கதை வேறு.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் வருவதில்லை. மலிவு விலையில் குப்பை ஏற்றுகிறேன் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்யும் வேன்காரர்களை அதிகாரிகள் அங்கேயே தேடுவார்கள். ஒருமுறை பார்த்தால் பிரச்சினை இல்லை. ஒரே ஆளின் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்துவைத்தால் அதுவே கண்காணிப்பாகிவிடலாம். அதற்கு யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கமிட்டியில் ஒருவராவது கேட்க வேண்டும் என்று அந்த மேசையில் உட்கார்ந்தபடி ஏங்கியிருக்கிறேன். எழுத்தர் வாய் திறக்க முடியாது.

---

பின்சந்து வாசி:

அண்ணா, மூலைக்கடை அண்ணா, இருவருக்கும் நன்றி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சொல்வார்களா?

---

கூட்டக்குறிப்பு:

குறிப்பிட்ட மறைகாமிராவைப் பற்றிக் கேட்டால் விசாரணை கெடும் என்று மறுக்கலாம், அது நியாயமும்கூட. கொள்கை, வருட வாரியான அனுமதி எண்ணிக்கை, மாற்றிப் பொருத்தும் காமிராக்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பாதிப்பு மதிப்பீடு உண்டா என்று கேளுங்கள். 20 வேலைநாளில் பதில் தர வேண்டும். புலனாய்வு அதிகாரங்கள் ஆணையர் அலுவலகம் கவுன்சில்களை ஆய்வு செய்து தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதும். கடைசிக் கடிதத்தையும், அது கமிட்டி முன் வைக்கப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெளிப்படையான காமிரா என்றால் அம்மாவே தன் படப்பதிவைக் கேட்கலாம், ஒரு மாதம் அவகாசம். மறைவான கண்காணிப்பு முறைகேடாக நடந்ததாகத் தோன்றினால் தீர்ப்பாயத்துக்குப் போகக் கட்டணம் இல்லை, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

---

கிளாஸ்கோ தம்பி:

இங்கிருந்து படிப்பவர்கள் கவனிக்க: ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம். மேலே சொன்ன மாஜிஸ்ட்ரேட் ஒப்புதல் இங்குள்ள கவுன்சில்களுக்குப் பொருந்தாது. கவுன்சிலர்களைத்தான் இன்னும் நெருக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது.

---

பின்சந்து வாசி:

ஆடிட் கமிட்டிக்குப் பொதுமக்கள் கேள்வியாக இதை எழுதியிருக்கிறேன்: "குடியிருப்புச் சந்துகளில் கவுன்சில் பொருத்தியுள்ள எல்லாக் காமிராக்களையும், வெளிப்படையானவற்றையும் சேர்த்து, வருடாந்தர அறிக்கையில் இந்தக் கமிட்டி பரிசீலிக்குமா? எப்போதிருந்து?" சரியா அண்ணா?

---

கூட்டக்குறிப்பு:

சரிதான். "எப்போதிருந்து" என்பதை மட்டும் எடுத்துவிட்டு, "அடுத்த அறிக்கையிலிருந்தே" என்று போடுங்கள். கூட்டத்துக்குச் சில வேலைநாள் முன்பே கேள்வி போய்ச் சேர வேண்டும், கடைசித் தேதியை, கூட்டங்களைக் கவனிக்கும் ஜனநாயக சேவைகள் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கேள்விக்கு இடம் இருந்தால் அதில் பலகையைக் கேளுங்கள்.