குளிர்நாட்டு நெல்லில் மகசூல் ஜீன் தேடினவங்க வாங்க, மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

சப்போரோவாசி:
நானே ஆரம்பிக்கிறேன். நாலு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது. ஜப்பானோட வடகோடி ஹொக்கைடோ ரகங்களோட, அதுக்குத் தெற்கே இருக்கிற டோஹோக்கு ரகங்களையும் கலந்து போட்டு, ஒரே ஒரு பருவ டேட்டாவில் ஜிவாஸ் (எந்தக் குணத்தோட எந்த ஜீன் பகுதி ஒத்துப்போகுதுன்னு மொத்த மரபணுத் தொகுப்பிலும் தேடுற கணக்கு) ஓட்டினேன். கதிருக்கு எத்தனை மணின்னு பார்த்ததில் 7ஆம் குரோமோசோமில் கோபுரம் மாதிரி ஒரு சிகரம். ராத்திரியே ஊருக்கு போன் போட்டு "புது ஜீன் கிடைச்சிருச்சும்மா"ன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் வயல்வேலை பார்க்கிற பெரியவர் அந்த வரைபடத்தை ஏறெடுத்தும் பார்க்கல. என் ரகப் பட்டியலை வாங்கி, பென்சிலால் அங்கங்கே வட்டம் போட்டார். மணி அதிகமா இருந்த ரகம் அத்தனையும் வட்டத்துக்குள்ள. "இதெல்லாம் லேட்டா கதிர் விடுறது." வேற பேச்சே இல்ல. நான் பிடிச்சது ஜிஹெச்டி7. கதிர் வர்ற நாள், உயரம், மணி எண்ணிக்கை மூணையும் ஆட்டுதுன்னு 2008லயே வெளிவந்த ஜீன். அந்த வருஷம் நல்ல வெயில், லேட் ரகம் குளிரில் சிக்காம தப்பிச்சது. அம்மா இன்னும் "அந்த ஜீன் என்னாச்சுடா"ன்னு கேட்கிறாங்க.

மர்ரம்பிஜி:
ஆஸ்திரேலியா, ரிவரினா. இங்க ஜனவரி ராத்திரிக் குளிர்தான் எமன். தொண்டைக்கதிர் (கதிர் இன்னும் தண்டுக்குள்ளயே இருக்கிற) சமயத்தில் தண்ணியை 20–25 செ.மீ. ஏத்திடுவோம், இளங்கதிர் தண்ணிக்குள்ள கதகதப்பா இருக்கும். என் சோதனை வயலில் ஒரு மூலை மட்டும் லேசா மேடு. நான் கவனிக்கல. அறுப்புக்கு முன்னாடி போனா, சுத்தி எல்லாம் தலை சாஞ்சிருக்கு, அந்த மூலை மட்டும் விறைப்பா நிக்குது. கிள்ளிப் பார்த்தா பூரா பதர். அந்த ரகங்களைக் "குளிர் தாங்காதவை"ன்னு பதிவு பண்ணி அனுப்பியாச்சு. மேட்டில் தண்ணி ஆழம் பத்தல, அவ்வளவுதான்; மேட்டோட ஜீனைத்தான் தேடியிருக்கோம்.

பிவேல்யூ:
சப்போரோவாசி, பெரியவரை சித்தர் ஆக்காதீங்க. கதிர் வந்த நாளை கோவேரியேட்டா (அதோட பாதிப்பைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்ற கூடுதல் விவரமா) சேர்த்திருந்தா சாப்ட்வேரே சொல்லியிருக்கும். எனக்கும் 6ஆம் குரோமோசோமில் ஹெச்டி1, அதுவும் கதிர் நாளை மாத்துற ஜீன், இதே வேலையைக் காட்டிச்சு, ஒரு வாரம் வீண்.

இனி செய்றவங்களுக்கு: குறைஞ்சது மூணு பருவம், ஒண்ணாவது குளிர்க்கோடையா இருக்கணும். நட்ட நாளை வச்சு ஒப்பிடாதீங்க. கண்ணாடி இலையோட (கதிருக்கு முன்னாடி வர்ற கடைசி இலை) கழுத்தும் அதுக்குக் கீழ் இலையோட கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வர்ற நாளைக் குறிங்க, மகரந்தம் உருவாகிற நேரம் அதையொட்டித்தான். தெர்மாமீட்டரைத் தண்ணிக்குள்ளயும் வைங்க. மகரந்தத்தை அயோடினில் போட்டுப் பாருங்க, கறுக்காதது மலடு. மகசூலை மொத்தமா எடுக்காம தூர், மணி, பதர் விகிதம், மணி எடைன்னு பிரிங்க. வடக்கு ரகம் தெற்கு ரகம்னு குடும்ப வேறுபாட்டைத் திருத்தாம ஓட்டினா எல்லாக் குரோமோசோமிலும் கோபுரம் முளைக்கும். அப்புறம்...

தாளடி:
கேட்டது அனுபவம், பிவேல்யூ சார். அதுவும் கதிர் நாளை அப்படியே கழிச்சுட்டா, அந்த ஜீன் மணிக்குச் செய்ற நிஜ வேலையும் சேர்ந்து போயிடும். குழந்தையைக் குளிப்பாட்டினா சரி, கரைச்சே விட்டுடலாமா?

என்னோடது சின்னது. 19 டிகிரி தண்ணி ஓடுற குளிர்ச்சோதனைத் தொட்டி. பக்கத்துப் பக்கத்து ரெண்டு வரிசை. ஒண்ணு பதர். இன்னொண்ணை நகத்தால அழுத்தினேன், பால் பீச்சி விரலில் ஒட்டிச்சு. அது நோரின்-பிஎல்8ங்கிற ஜப்பான் நெல் வழி வந்தது; அதுக்குக் குளிர் தாங்கும் சக்தியைக் கொடுத்தது சிலேவா, இந்தோனேசிய ரகம். 1993 குளிரில் ஹொக்கைடோ விளைச்சல் வழக்கமா கிடைக்கிறதில் நூத்துக்கு 40தான். அந்த ஊருக்கு மருந்து பூமத்தியரேகைப் பக்கத்திலிருந்து! அன்னைக்கு முழுக்க விரலைக் கழுவல.

சப்போரோவாசி:
தாளடி அக்கா, அந்த வரிசையோட ரெண்டாம் வருஷ டேட்டா இருக்கா? பிவேல்யூ, நான் கோவேரியேட் போட்டுத்தான் ஓட்டினேன். எக்ஸலில் தேதிக் கட்டம் ஒரு வரி கீழே நகர்ந்திருந்துச்சு. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்.