ஒரே பிரேம், இரண்டு உயரம்: மேல் பைப்பு எவ்வளவு வைக்கலாம்?

தக்கலையில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி 150 செ.மீ., மகன் 178 செ.மீ., இருவருக்கும் பொதுவாக ஒரு சைக்கிள் பிரேம் செய்ய மூன்று மாதமாக முயல்கிறேன், அமையவில்லை.

ஸ்டீல் பைப்பு, 26 இஞ்ச் சக்கரம், 170 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு). சேலையோடு ஏறுவதற்காக மேல் பைப்பைத் தாழ்த்தியிருக்கிறேன், அதன் நீளம் மட்டமாக அளந்தால் 56 செ.மீ. சீட் பைப்பு 73 டிகிரி. உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்கி சீட் உயரம் வைத்தேன், அவளுக்கு 60, அவனுக்கு 74, அதில் குறையில்லை. ஹேண்டில் எட்டுவதில்தான் சிக்கல். பத்மநாபபுரம் அரண்மனை வரை போய் வருவதற்குள் அவளுக்கு உள்ளங்கை மரத்துவிடுகிறது, கையை உதறிக்கொண்டேதான் இறங்குகிறாள்.

குட்டை ஸ்டெம் (ஹேண்டிலைப் பிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) போட்டு சீட்டை முன்னால் தள்ளினேன். கை சரியானது, முட்டி வலி வந்துவிட்டது. அப்புறம் மேல் பைப்பை 52 செ.மீ. ஆக்கி இன்னொரு பிரேம் ஒட்டினேன். மகனுக்காகச் சீட்டை ஏற்றும்போது சாய்வினால் அது 4 செ.மீ. பின்னால் போகிறதுதான், ஆனாலும் வளைவில் மகனின் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது.

பைப்பு இன்னும் ஒரு பிரேமுக்குத்தான் இருக்கிறது. இருவருக்கும் ஒத்துவர மேல் பைப்பு நீளமும் சீட் பைப்பு சாய்வும் எவ்வளவு வைக்கலாம்?