பொருள்: கிட்டார் தந்தியைத் தளர்த்தி வாசிப்பதற்குக் கலைச்சொல்

> ‘சுருதி இறக்கம்’ போதுமே. கச்சேரிக்குப் போகிறவர் எல்லோருக்கும் புரியும்.

ஐயா, அப்படிப் புரிவதுதான் சிக்கல். தொண்டை சரியில்லாத பாடகர் அரைக் கட்டை இறக்கிப் பாடுவார். அந்தச் சொல் அவரைத்தான் நினைவூட்டுகிறது. நம் கட்டுரை பிளாக் சப்பாத் என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் (கனத்த ஒலியுள்ள ராக் இசை) குழுவைப் பற்றியது. அங்கே காரணம் தொண்டை அல்ல, விரல்.

அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காமின் உலோகத் தகட்டு ஆலை ஒன்றில் இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு இறுக்கத்தையே குறைத்தார். 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டின் சில பாடல்களில், வழக்கமாக மூன்று கட்டையில் நிற்கும் தடித்த ஆறாம் தந்தி ஒன்றரைக் கட்டைக்கு இறங்கியிருக்கிறது. குழுவின் பேஸ் கலைஞர் கீசர் பட்லரும் தன் பேஸ் கிட்டாரை உடன் இறக்கினார். ஹெவி மெட்டல் குழுக்கள் பின்னாளில் தேடிப்போன கனம் இதுதான். தளர்ச்சியில் பிறந்த ஒலி என்பதால் ‘தளர்சுருதி’ என்கிறேன்.

(முதல் தட்டின் தலைப்புப் பாடலில் வரும், கேட்பவரை அச்சுறுத்தும் என்று பெயர்பெற்ற ‘சாத்தான் சுரம்’ பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். சட்ஜத்துக்கு எதிரே பிரதி மத்திமம், அவ்வளவே. கல்யாணி ராகத்தில் அதைக் கேட்டு நாம் யாரும் பயந்ததில்லை.)

*

> தளர்ச்சியில் பிறந்த ஒலி என்பதால் ‘தளர்சுருதி’

அயோமிக்குச் சரி; அவர் வழிவந்தவர்களுக்கு? இன்று பல குழுவினர் தடித்த தந்தி பூட்டி, இறுக்கம் குறையாமலே சுருதியைக் கீழே வைக்கிறார்கள். தளராத தந்தியைத் தளர்சுருதி என்றால் வாசிப்பவர் சிரிப்பார். செயலைத் ‘தந்தி தளர்த்தல்’ என்றும் விளைவைத் ‘தாழ்சுருதி’ என்றும் பிரித்துவிடலாம் அம்மா.

*

பிரிப்பதில் எனக்குத் தடையில்லை. அயோமி பத்தியில் ‘தந்தி தளர்த்தல்’, 90களின் குழுக்கள் வரும் பத்தியில் ‘தாழ்சுருதி’ என்று இட்டுவிடுகிறேன். ஆனால் ஆறாம் தந்தியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி, மற்ற ஐந்தையும் அப்படியே விடும் முறையும் கட்டுரையில் வருகிறது. அதையும் தாழ்சுருதி என்றால் ஆறும் இறங்கியதாகப் படும். ‘ஒருதந்தித் தாழ்வு’ என்று எழுதலாமா? கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.