பாஸ் அணிக்கு எதிராக இரண்டு வெள்ளிக்கிழமைகள்

டெக்சஸில் என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் அவன் சேஃப்டி. தற்காப்பில் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறவன். நான் அணிக்கு வீடியோ எடுக்கும் பெற்றோர். கேலரியின் உச்சியில் முக்காலியை நிறுத்தி, இருபத்திரண்டு பேரும் எப்போதும் தெரியும்படி எடுக்க வேண்டும். டிவியில் பந்து இருக்கும் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். மேலே இருந்து பார்த்தால்தான் பந்து போகாத இடத்தில் என்ன நடந்தது என்று புரியும்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. எதிரணி நான்கு ரிசீவர்களை, அதாவது பந்தைப் பிடிக்கிறவர்களை, அகலமாகப் பரப்பி, பந்தை எறிந்தே ஆடும் அணி. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு நேரமே கொடுக்கக் கூடாது என்று எங்கள் கோச் பிளிட்ஸுக்கு மேல் பிளிட்ஸ் அனுப்பினார். அவனை நோக்கி நான்கு பேர் பாய வேண்டிய இடத்தில் ஆறு பேர், அதுதான் பிளிட்ஸ். அப்படியானால் பின்னால் மிச்சம் ஐந்து பேர். அவர்களுக்கு நான்கு ரிசீவர்கள், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு ரன்னிங் பேக். ஆளுக்கு ஆள் சரியாகப் போய்விட்டது, உதவிக்கு ஒருவரும் இல்லை. அந்தக் குவார்ட்டர்பேக் பையன் எங்கள் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறவன்) பாயக் கிளம்பிய இடத்தைப் பார்ப்பான், காலியான அதே இடத்துக்குக் குறுக்காக ஓடிவரும் ரிசீவருக்கு ஸ்லாண்ட் எறிவான். இரண்டு விநாடிகூட ஆகாது. பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிள் தவறினால் மீதி ஐம்பது யார்டும் வெறும் மைதானம். 48–14 என்று தோற்றோம்.

மறுநாள் காலை வீடியோவை ஓட்டும்போது கோச் அந்தக் குவார்ட்டர்பேக்கையே திரும்பத் திரும்பக் காட்டினார். "அவன் இடது கையைப் பாருங்கள்." எங்கே எறிவது என்று தெரிந்திருந்தால் பந்து நேராகக் காதருகே போய்விடுகிறது. தெரியாத ஒன்றிரண்டு முறை மட்டும் இடது உள்ளங்கையால் பந்தை ஒரு தட்டு தட்டுகிறான். நாங்கள் பிளிட்ஸ் அனுப்பிய ஒரு தடவைகூட அவன் தட்டவில்லை. எங்கே எறியலாம் என்று நாங்களே காட்டிக் கொடுத்திருக்கிறோம்.

நவம்பரில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃபில் அதே அணி மறுபடியும் வந்தது. அந்த வாரம் பையன்களுக்குக் கோச் தொழில்முறை லீக்கான NFL-இல் டாம்பா பே, கேன்சஸ் சிட்டியோடு ஆடிய இரண்டு ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார். 2020 நவம்பரில் கேன்சஸ் சிட்டியின் ரிசீவர் டைரீக் ஹில் முதல் குவார்ட்டரிலேயே, அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே, 203 யார்டு எடுத்தார். 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் டாம்பா பேயின் தற்காப்புக் கோச் டாட் போல்ஸ் இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி, பெரும்பாலும் நான்கு பேரை மட்டுமே பாய விட்டார். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் டச்டவுன் ஒன்றுகூடக் கேன்சஸ் சிட்டிக்குக் கிடைக்கவில்லை, டாம்பா பே 31–9 என்று வென்றது. அன்று கேன்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையில் இரு ஓரங்களிலும் வழக்கமாக நிற்கிற இருவருமே காயத்தால் ஆடவில்லை என்பதையும் கோச் சொன்னார். அதை மறைத்திருந்தால் பையன்கள் தப்பான பாடம் படித்திருப்பார்கள்.

எங்கள் திட்டமும் அதேதான். நான்கு பேர் பாய, ஏழு பேர் பின்னால். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன் ஒவ்வொரு தடவையும் ஒரே நிற்பு, இரண்டு சேஃப்டிகளும் ஆழத்தில். பந்து கிளம்பிய பிறகு சில தடவை என் மகன் கீழே இறங்கி வருவான், அது ஆழத்தை மூன்று பேர் காக்கும் கவர் 3. சில தடவை அங்கேயே நிற்பான், அது ஆழத்தை இரண்டு பேர் காக்கும் கவர் 2. ஐந்து யார்டு வேண்டுமா, எடுத்துக்கொள். பிடித்த இடத்திலேயே விழ வேண்டும், அவ்வளவுதான். வாரம் முழுக்கப் பயிற்சி என்றால் டேக்கிள்தான்.

மூன்றாம் குவார்ட்டரில் கேமரா திரைக்குள் நானே பார்த்தேன். ஒரு தட்டு. தலை வலப்பக்கம் திரும்புகிறது. இன்னொரு தட்டு. அதற்குள் ஓரத்திலிருந்து பாயும் எங்கள் டிஃபென்சிவ் எண்ட் வந்து, எறிவதற்கு முன்பே அவனை வீழ்த்திவிட்டான். ஸாக். கத்தினால் வீடியோவில் பதிவாகிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான்காம் குவார்ட்டரில் அவர்கள் எறிவதை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். முன்னால் எங்கள் ஆட்கள் குறைவு. ஆறு யார்டு, எட்டு யார்டு என்று நகர்த்தி 24–20 என்று வென்றுவிட்டார்கள். இருந்தாலும் அந்தத் திட்டம் சரி என்றுதான் இன்றும் சொல்வேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்கு 2008 பிப்ரவரி 3 ஞாபகம் வந்துவிட்டது. நியூ ஜெர்சியில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு, எனக்கு ஆட்டம் புரிய ஆரம்பித்த முதல் சீசன். நியூ இங்கிலாந்து அதுவரை 18 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. அந்த சீசனில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் பிரேடி 50 டச்டவுன் எறிந்திருந்தார், அதில் 23 ரிசீவர் மாஸுக்கு. டிசம்பர் கடைசியில் நியூயார்க் ஜயன்ட்ஸைத்தான் 38–35 என்று வென்றிருந்தார்கள். ஆனால் அன்று சூப்பர் பவுலில் அதே ஜயன்ட்ஸிடம் பிரேடிக்கு ஐந்து ஸாக், நியூ இங்கிலாந்துக்கு மொத்தமே 14 புள்ளி. ஜயன்ட்ஸுக்கு 17.

என் கண்ணில் நிற்பது ஜயன்ட்ஸின் ஜஸ்டின் டக். ஓரத்தில் ஆடுகிறவரை தற்காப்புக் கோச் ஸ்பக்னுவோலோ நடுவில் கொண்டுவந்து, எதிரணி முன்வரிசையின் நடுப்பகுதியில் நிற்கும் கார்டுகளுக்கு எதிரே நிறுத்தினார். ஓரத்திலிருந்து ஆள் வந்தால் குவார்ட்டர்பேக் ஓரடி முன்னால் வந்து தப்பிக்கலாம். நடுவிலிருந்து நெஞ்சுக்கு நேரே வந்தால் அவர் எந்தப் பக்கம் போவார்? அதனால் எத்தனை பேரை அனுப்புகிறோம் என்பதோடு எந்த வழியாக அனுப்புகிறோம் என்பதையும் உங்கள் கோச் யோசிக்கலாம்.

*

கடைசியில் ஓடியே வென்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 1991 ஜனவரியில் ஜயன்ட்ஸ் பஃபலோ பில்ஸுக்கு எதிராக ஆடிய சூப்பர் பவுலை நான் பழைய வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பில்ஸ் முந்தைய ஆட்டத்தில் 51 புள்ளி எடுத்து வந்த அணி. அப்போது ஜயன்ட்ஸின் தற்காப்புக் கோச் பெலிசிக். பில்ஸின் ரன்னிங் பேக் தர்மன் தாமஸ் ஓடினால் ஓடட்டும் என்று தன் ஆட்களிடமே சொன்னார். அவர்களுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. முன்னால் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் எல்லாம் பின்னால், பிடிக்கிற ரிசீவருக்கு ஒவ்வொரு தடவையும் அடி. தாமஸ் 135 யார்டு ஓடினார். ஆனாலும் ஜயன்ட்ஸ் 20–19 என்று வென்றது.

அதில் பாதி வேலையைச் செய்தது ஜயன்ட்ஸின் அஃபென்ஸ், அதாவது பந்தை வைத்து ஆடும் குழு. 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் 33 விநாடி பந்தைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். மூன்றாம் குவார்ட்டரின் முதல் டிரைவ் (பந்தை விடாமல் நகர்த்திப்போகும் தொடர்) மட்டுமே ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது. பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி அத்தனை நேரமும் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அஃபென்ஸ் நான்காம் குவார்ட்டரில் பந்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தது என்று பாருங்களேன்.

*

நேற்று ராத்திரி உட்கார்ந்து முழு வீடியோவையும் பார்த்தேன், நண்பரே. நான்காம் குவார்ட்டரில் மூன்று தடவை பந்து எங்கள் கைக்கு வந்திருக்கிறது. மூன்று தடவையும் எறிந்து, பிடிக்காமல் விட்டு, கடிகாரத்தை நிறுத்தி, பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பன்ட் அடித்துவிட்டோம். ஒவ்வொரு பன்ட்டுக்குப் பிறகும் மைதானத்துக்குள் திரும்பி வரும் எங்கள் தற்காப்புப் பையன்கள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நிற்கிறார்கள். கடைசி தடவை என் மகனும் அப்படித்தான் நிற்கிறான். இத்தனை நாளும் தற்காப்புத் துண்டுகளை மட்டுமே வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை. அந்த மூன்று டிரைவையும் தனியாக வெட்டிக் கோச்சுக்கு அனுப்பிவிட்டேன்.